கிராஸ் கன்ட்ரி துணைப் பயிற்சியாளரின் கையில் சீக்கோ எஸ்141: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணிக்குத் துணைப் பயிற்சியாளராக வேலை செய்கிறேன். என்சிஏஏ என்று அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த கல்லூரி அது. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. வேதியியல் ஆய்வகத்திலிருந்தும் நூலகத்திலிருந்தும் நேராக வந்து காலணியை மாற்றிக்கொண்டு ஓடுகிற மாணவர்கள்தான் அணி. தலைமைப் பயிற்சியாளர் பயிற்சித் திட்டத்தை வகுக்கிறார், யார் எந்தப் பந்தயத்தில் ஓடுவது என்று முடிவெடுக்கிறார். வேன் ஓட்டுவது, தண்ணீர்க் கேன் நிரப்புவது, காயம்பட்டவருடன் மெதுநடை போவது ஆகியவற்றோடு நேரம் எடுப்பதும் துணைப் பயிற்சியாளரின் பொறுப்பு. அந்தக் கடைசி வேலைக்காக நான் நம்பிப் பயன்படுத்துவது சீக்கோ நிறுவனத்தின் எஸ்141 என்னும் நிறுத்துக் கடிகாரம், அதாவது முந்நூறு நேரங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஸ்டாப்வாட்ச். இந்தக் கருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நீச்சல் குளத்தையோ நானூறு மீட்டர் ஓடுதளத்தையோ மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். புல்வெளியிலும் மேட்டிலும் சேற்றிலும் நடக்கிற கிராஸ் கன்ட்ரிக்கு இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை விரிவாகச் சொல்லும் மதிப்புரை எதையும் நான் பார்க்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கருவியின் மதிப்பு புரிய வேண்டுமானால், இந்த விளையாட்டில் புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். சாம்பியன்ஷிப் பந்தயங்களில் ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுகிறார்கள். முதலில் வந்து சேரும் ஐவரின் இடங்களைக் கூட்டினால் அதுவே அணியின் புள்ளி. கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணி வெல்கிறது. முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்துவிட்டால் 15 புள்ளிகள். அதற்கும் குறைவாக யாரும் பெற முடியாது. ஆறாவதும் ஏழாவதும் வருபவர்களின் இடங்கள் சொந்த அணியின் கூட்டலில் சேருவதில்லை, ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாமவருக்கு முன்னால் வந்துவிட்டால் எதிரணியின் எண்ணிக்கையைப் பெருக்கிவிடுகிறார்கள். இரண்டே அணிகள் மோதும் பந்தயத்தில் ஓர் அணியின் ஏழு பேரும் முதல் ஏழு இடங்களில் வந்தால் மற்ற அணி 8, 9, 10, 11, 12 என்று 50 புள்ளிகளோடு தோற்பது இதனால்தான். ஆகவே இந்த விளையாட்டில் முதலாவது வருபவர் எவ்வளவு வேகமானவர் என்பதைக் காட்டிலும், அவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே எத்தனை வினாடி என்பதே ஒரு பயிற்சியாளரின் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் நகரில் உள்ள நார்த் சென்ட்ரல் கல்லூரியில் 1966ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ஆல் காரியஸ், மூன்றாம் பிரிவில் 19 தேசிய அணிப் பட்டங்களை வென்று கொடுத்தவர். அத்தனையும் அணிப் பட்டங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே ஒரு நட்சத்திர ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு எவரும் இப்படிப்பட்ட வரலாற்றைப் படைத்துவிட முடியாது.

இந்த இடைவெளிக் கணக்குக்குத்தான் எஸ்141 கடிகாரம் வேறெந்தக் கருவியையும் விடப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஓடுதளத்தில் ஒரே ஓட்டக்காரர் சுற்றிச் சுற்றி வரும்போது, கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினால் இரண்டு எண்கள் பதிவாகின்றன. ஒன்று, தொடக்கத்திலிருந்து ஆன மொத்த நேரம்; மற்றொன்று, போன அழுத்தலிலிருந்து இந்த அழுத்தல் வரை ஆன நேரம், அதாவது அந்தச் சுற்றுக்கான நேரம். கிராஸ் கன்ட்ரியில் ஒரு மைல் குறியீட்டில் நின்றுகொண்டு, நம் அணியின் ஓட்டக்காரர் ஒவ்வொருவரும் கடக்கும்போது அதே பொத்தானை அழுத்தினால், முதல் எண் அவரவருடைய நேரத்தைக் காட்டுகிறது. இரண்டாவது எண், சுற்று நேரம் என்ற பெயரில், அவருக்கும் அவருக்கு முன்னால் போன நம் ஓட்டக்காரருக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. கழித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கடிகாரத்தை வடிவமைத்தவர்கள் இந்தப் பயன்பாட்டை எண்ணிப் பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அணியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் எண், அழுத்திய மறுகணமே திரையில் நிற்கிறது. நான்காமவராக ஓடிக்கொண்டிருக்கும் மாணவர் என்னைக் கடந்து ஓரிரு அடி வைப்பதற்குள், "முன்னால் நாலு வினாடிதான், எட்டிப் பிடி" என்று என்னால் உறுதியோடு குரல் கொடுக்க முடிகிறது. அதற்கு மேல் நான் அவருக்கு எதுவும் செய்யவும் கூடாது. ஓட்டக்காரருக்குப் பக்கத்தில் சேர்ந்து ஓடி வேகம் கொடுப்பது விதிப்படி உதவியாகக் கருதப்படும். எனவே அந்த ஒரே ஒரு வாக்கியம் சரியான எண்ணோடு போய்ச் சேர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் இதன் பயன் தெளிவாகும். மூன்றாம் பிரிவில் ஆண்கள் 8 கிலோமீட்டரும் பெண்கள் 6 கிலோமீட்டரும் ஓடுகிறார்கள். ஆண்கள் பந்தயத்தில் ஓர் அணியின் முதல் ஐவர் ஒன்றாவது மைலை முறையே 5:01, 5:03, 5:04, 5:06, 5:13 என்று கடப்பதாக வைத்துக்கொள்வோம். கடிகாரத்தின் இடைவெளி வரிசையில் 2, 1, 2, 7 என்று பதிவாகியிருக்கும். முதலாமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே 12 வினாடிகள். யாரும் கவலைப்படத் தேவையில்லாத நிலை. அதே ஐவர் மூன்றாவது மைலை 15:18, 15:24, 15:27, 15:31, 15:56 என்று கடந்தால் வரிசை 6, 3, 4, 25 என்று மாறிவிடுகிறது. மொத்த நேரங்களை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லோருமே சற்றுத் தளர்ந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இடைவெளி வரிசையைப் பார்க்கிறவருக்கு முதல் நால்வர் இன்னும் ஒரு கூட்டமாகவே ஓடுகிறார்கள் என்பதும், ஐந்தாமவர் மட்டும் இரண்டு மைல்களுக்குள் கூட்டத்தின் பிடியை விட்டுவிட்டார் என்பதும் ஒரே பார்வையில் தெரிகிறது. பெரிய போட்டிகளில் நடுக்கூட்டத்தில் ஒரே வினாடிக்குள் ஐந்தாறு பேர் வந்து சேர்வது வழக்கம் என்பதால், அந்த 25 வினாடிகள் அணிக்கு எத்தனை புள்ளிகளைக் கூட்டிவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரப் பயிற்சியில் நான்காமவரையும் ஐந்தாமவரையும் சேர்த்து ஓடவிடுவதா, ஐந்தாமவரை முதல் மைலில் சற்று நிதானமாகத் தொடங்கச் சொல்வதா என்ற பேச்சு, திரும்பி வரும் வேனிலேயே இந்த நான்கு எண்களிலிருந்து ஆரம்பித்துவிடும்.

முந்நூறு நினைவிடங்கள் உண்மையில் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. பந்தயத்துக்கு மட்டும் என்றால் தேவையில்லை. ஏழு பேர், நான்கு குறியீடுகள் என்றால் 28 அழுத்தல்கள். பெண்கள் பந்தயத்தையும் சேர்த்தால் 56. நூறு நினைவிடங்கள் உள்ள கடிகாரமே தாராளமாகப் போதும். ஆனால் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி அப்படி அல்ல. இருபது பேர் ஆயிரம் மீட்டரை ஆறு முறை ஓடினால் 120 நேரங்கள் பதிவாக வேண்டும். நூறு இடங்கள் மட்டுமே உள்ள கடிகாரம் ஐந்தாவது சுற்றோடு நிறைந்துவிடுகிறது. கடைசிச் சுற்றில் யார் தாங்கினார்கள், யார் தளர்ந்தார்கள் என்பதுதான் அந்தப் பயிற்சியில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி, அதுவே பதிவாகாமல் போய்விடும். எஸ்141இல் இந்தக் கவலை இல்லை. ஒரு மாலை முழுவதும் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, குழுக்களை இருபது வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, எல்லோருடைய நேரத்தையும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் முதல் குழு கிளம்பிய நேரத்தைக் கழித்துவிட்டு, இரண்டாவது குழுவுக்கு மேலும் இருபதையும் மூன்றாவது குழுவுக்கு நாற்பதையும் கழித்தால் போதும். பழகிவிட்டால் இந்தக் கழித்தல் மனக்கணக்காகவே வந்துவிடுகிறது.

துல்லியத்தைப் பற்றிய விளம்பரங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் கடிகாரங்கள் சந்தையில் இருக்கின்றன. அந்த மூன்றாவது இலக்கத்துக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கையால் நேரம் எடுக்கும்போது மனிதரின் எதிர்வினைக்கே வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஓடுதளத்தின் குறுந்தொலைவுப் பந்தயங்களில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடியைக் கூட்டிக்கொள்ளும் வழக்கமே இதனால் வந்ததுதான். அரங்குக்கு வெளியே நடக்கும் ஓட்டங்களில் கையால் எடுத்த நேரத்தை அடுத்த முழு வினாடிக்கு உயர்த்தி எழுத வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. மழையில் நனைந்த சரிவில் மூன்று பேர் தோளோடு தோள் உரச வரும்போது நூறில் ஒரு பங்கைப் பற்றிப் பேசுவதற்கே பொருளில்லை. கடிகாரத்தின் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் எவ்வளவு பிசகும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து வினாடி பிசகினால்கூட, அரை மணி நேரப் பந்தயத்தில் அந்தப் பிசகு நூறில் ஒரு பங்கு வினாடிதான்.

உண்மையில் பிசகு நுழைகிற இடம் தொடக்கத் துப்பாக்கி. ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. உறைகிற குளிரில் இன்னும் சற்று மெதுவாக, 331 மீட்டர் அளவில் செல்கிறது. தொடக்கக் கோட்டிலிருந்து முந்நூறு மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு சத்தத்தைக் கேட்டுப் பொத்தானை அழுத்துகிறவருடைய கடிகாரம் அநேகமாக ஒரு வினாடி பின்தங்கியே ஓடும். ஆகவே புகையைப் பார்த்து அழுத்த வேண்டும், அல்லது தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அழுத்திவிட்டு மைல் குறியீட்டுக்குக் குறுக்கு வழியில் ஓட வேண்டும். நான் இரண்டாவது வழியையே பின்பற்றுகிறேன். கிராஸ் கன்ட்ரிப் பாதைகள் பெரும்பாலும் கோல்ஃப் மைதானத்திலோ பூங்காவிலோ வளைந்து வளைந்து திரும்புகிறவை. ஓட்டக்காரர்கள் ஒரு மைல் சுற்றி வருகிற இடத்துக்குப் பயிற்சியாளர் நேர்கோட்டில் நானூறு ஐந்நூறு மீட்டர் ஓடிப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஓடும்போது கழுத்தில் தொங்கும் கடிகாரம் மார்பில் மோதிக்கொண்டே வருவதால், தற்செயலாகப் பொத்தான் அழுந்திவிடக் கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைத்த, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடிகாரத்தை எங்கள் அணி முன்பு வைத்திருந்தது. அதன் பொத்தான்கள் அவ்வளவு இளக்கமானவை; மேற்சட்டையின் ஜிப்பில் உரசினாலே நின்றுவிடும். எஸ்141இன் பொத்தான்களுக்குத் தெளிவான எதிர்ப்பு இருக்கிறது. விரும்பி அழுத்தினால்தான் அழுந்துகின்றன, அழுந்தியது விரலுக்குத் தெரிகிறது. கம்பளிக் கையுறை போட்டிருக்கும்போதும் அந்த உணர்வு மறைவதில்லை.

கையுறையைப் பற்றிச் சொன்னேன். குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரி கிராஸ் கன்ட்ரிப் பருவம் ஆகஸ்ட் மாத வெயிலில் பயிற்சி முகாமோடு தொடங்கி நவம்பர் பிற்பாதியில் தேசியப் போட்டியோடு முடிகிறது. நடுமேற்கு மாநிலங்களில் அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே முப்பது டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கும். திரவப் படிகத் திரை எதுவாக இருந்தாலும் உறைநிலைக்குக் கீழே எண்கள் மாறுவது மந்தமாகிவிடும், பொத்தான் வடிவ மின்கலத்தின் வலுவும் குறையும். இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் அல்ல, அந்தப் பொருள்களின் இயல்பு. பந்தயம் தொடங்கும்வரை கடிகாரத்தை மேலங்கியின் உட்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் சிக்கல் இல்லை. திரை மந்தமானாலும் உள்ளே கணக்கு பிசகாமல் ஓடிக்கொண்டிருப்பதால், பதிவான நேரங்களைச் சூடான வேனுக்குள் வந்து நிதானமாக எடுத்துப் பார்க்கலாம்.

இதெல்லாம் கைபேசியில் செய்ய முடியாதா என்று எங்கள் மாணவர்களே கேட்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் தனித்தனிக் கட்டம் வைத்து, பெயரைத் தொட்டால் நேரம் பதிவாகும் செயலிகள் இருக்கின்றன. வெயில் அடிக்கும் செப்டம்பர் மாலையில், ஓடுதளத்தின் ஓரத்தில் அமர்ந்துகொண்டு ஐந்தாறு பேருக்கு நேரம் எடுக்கிறவருக்கு அவை மிகவும் நல்லவை. பெயரோடு சேர்ந்தே நேரம் பதிவாகிறது என்பது பெரிய வசதி. ஆனால் அந்த வசதிக்குக் கொடுக்க வேண்டிய விலை, கண்ணைத் திரையில் வைத்திருப்பது. எந்தக் கட்டம் யாருடையது என்று தேடித் தொட வேண்டும். மழைத்துளி விழுந்த கண்ணாடி விரலை உணர மறுக்கிறது, கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. முந்நூறு பேர் திரளாகக் கடந்து போகும் அந்த முப்பது வினாடிகளில் என் கண்கள் ஓட்டக்காரர்களின் மேல்தான் இருக்க வேண்டும். யாருடைய தோள்கள் இறுகியிருக்கின்றன, யாருடைய அடி சுருங்கிவிட்டது, யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்பதையெல்லாம் பார்ப்பதற்கு வேறு வாய்ப்பு கிடையாது. பார்க்காமலே அழுத்தக்கூடிய பொத்தான் இந்த வேலைக்கு எவ்வளவு அவசியம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஓட்டக்காரர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஜிபிஎஸ் கடிகாரங்களும் தங்களளவில் அருமையான கருவிகள். இதயத்துடிப்பு, வாராந்திரத் தொலைவு, உறக்கம் எல்லாவற்றையும் அவை தொகுத்துக் கொடுக்கின்றன. தனியாகக் காலையில் ஓடும் மாணவர் சொன்னபடி மெதுவாக ஓடினாரா என்பதை நான் தெரிந்துகொள்வதும் அவற்றிலிருந்துதான். ஆனால் பந்தயத்தின் நடுவே அவற்றிலிருந்து எனக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. மேலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் செயற்கைக்கோள் கணக்கிடும் தொலைவு உண்மைத் தொலைவிலிருந்து விலகும் என்பதால், அவை சொல்லும் மைலும் தரையில் வண்ணம் பூசிக் குறித்திருக்கும் மைலும் ஒன்றாக இருப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே கோட்டில் நின்று எடுத்த நேரத்தைத்தான் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட முடியும். கோட்டைக் கடக்கும்போது நேரத்தைத் தானாகவே பதிவு செய்யும் மின்னணுச் சில்லு கட்டி ஓடும் பந்தயங்களில் முடிவுக்கோட்டு நேரத்துக்கு அந்தச் சில்லே இறுதிச் சொல். அதில் எந்த வழக்கும் இல்லை. பெரிய போட்டிகளில் இடையிலும் சில்லை உணரும் பாய்கள் விரித்து, ஒவ்வொரு அணியின் நிலவரத்தையும் உடனுக்குடன் வெளியிடுகிறார்கள். ஆயினும் எங்களைப் போன்ற சிறிய கல்லூரிகள் செல்லும் பெரும்பாலான போட்டிகளில் பாய் முடிவுக்கோட்டில் மட்டுமே இருக்கிறது. இடைப்பட்ட நான்கு மைல்களில் என்ன நடந்தது என்பதற்கு யாரோ ஒருவர் கையில் கடிகாரத்தோடு நின்றாக வேண்டும்.

இனி இந்தக் கருவியால் செய்ய முடியாதவை. முதலாவது, கடந்து போனவர் யார் என்பது இதற்குத் தெரியாது. எண் மட்டுமே பதிவாகும். பெயரை மனிதர்தான் எழுத வேண்டும். இரண்டு மாணவர்கள் மைல்களுக்கு இடையே முன்பின்னாக மாறிவிட்டால், வரிசையை எழுதி வைக்காதவருக்குப் பந்தயம் முடிந்த பிறகு அந்த எண்களால் பயனில்லை. இதற்காக நான் நனையாத தாள் கொண்ட சிறு குறிப்பேட்டையும் பென்சிலையும் கூடவே வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் ரைட் இன் த ரெயின் என்ற பெயரில் 1916 முதல் விற்கப்படும் குறிப்பேடுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. பேனா மழையில் எழுதாது, பென்சில் எழுதும். முழுப்பெயரை எழுத நேரம் இருக்காது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, கடந்த வரிசையில் அந்த எழுத்துகளை மட்டும் கிறுக்கி வைக்கிறேன். கூட வரும் மாணவ மேலாளர் யாராவது இருந்தால் நான் அழுத்த, அவர் எழுத என்று வேலையைப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது. இரண்டாவது, நம் ஓட்டக்காரர் ஒட்டுமொத்தத்தில் எத்தனையாவது இடத்தில் ஓடுகிறார் என்பதையும் இது சொல்லாது. அதற்குத் தலைகளை எண்ணுவதைத் தவிர வழியில்லை. நூறுக்கு மேல் போய்விட்டால் எண்ணுவதும் கடினம், ஆகவே அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மூன்றாவது, பதிவான நேரங்களைக் கணினிக்கு மாற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் திரையில் எடுத்துப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு பயிற்சியின் 120 நேரங்களை இப்படி ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். அச்சுப்பொறியோடு இணையும் இன்னொரு மாதிரியையும் இதே நிறுவனம் தயாரிக்கிறது. ஓடுதளப் பயிற்சி அதிகம் நடத்தும் அணிகள் அதைப் பார்க்கலாம். எங்களைப் போல் புல்வெளியில் நிற்பவர்களுக்குச் சுமந்து திரிய வேண்டிய பொருள் ஒன்று கூடுவதில் லாபமில்லை. தவிரவும், ஒவ்வொரு நேரத்தையும் கையால் எழுதும்போதுதான் ஓர் ஓட்டக்காரரின் தளர்ச்சியோ முன்னேற்றமோ கண்ணில் படுகிறது. முதலாண்டு மாணவி ஒருவர் ஆறு முறை ஓடிய ஆயிரம் மீட்டரும் ஒன்றிரண்டு வினாடிக்குள் ஒரே சீராக இருந்ததை நான் கவனித்தது அப்படி எழுதிக்கொண்டிருந்தபோதுதான். அந்தச் சீர்மையைத் தலைமைப் பயிற்சியாளரிடம் காட்டினேன், அதற்கடுத்த போட்டியில் அவர் அணியின் ஏழு பேரில் ஒருவராக ஓடினார்.

விலையைப் பொறுத்தவரை, எஸ்141 ஏறத்தாழ ஒரு ஜோடி நல்ல பயிற்சிக் காலணியின் விலைக்கு வருகிறது. நிறுத்துக் கடிகாரத்துக்கு இது அதிகம் என்று தோன்றுவது இயல்பு. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நேரம் கணித்த நிறுவனம் என்ற பெயருக்காக இந்த விலையைக் கொடுக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒரு காலணி தேய்ந்து போகிறது, இந்தக் கடிகாரத்துக்கோ மின்கலம் மாற்றுவதைத் தவிர வேறு செலவு வைக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்லலாம். மூன்றாம் பிரிவுத் துணைப் பயிற்சியாளர்களில் பலர் பகுதிநேர ஊதியத்துக்கு வேலை செய்கிறவர்கள், அவர்கள் இதைச் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருக்கக் கூடாது. அணியின் நிதியில், கொடிகளும் நீர்ப்புட்டிகளும் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இது என்று நான் கருதுகிறேன். தலைமைப் பயிற்சியாளருக்கும் மாணவ மேலாளருக்கும் இதே மாதிரி தேவையில்லை. மொத்த நேரத்தையும் ஓரிரு இடை நேரங்களையும் மட்டும் பார்க்கிறவருக்குக் காசியோ எச்எஸ்-3 போன்ற எளிய, விலை குறைந்த கடிகாரமே நெடுங்காலம் உழைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கடிகாரங்களைத் தொடங்கி, ஒன்றைத் தொடக்கக் கோட்டிலும் மற்றொன்றை மைல் குறியீட்டிலும் வைத்துக்கொள்வது எப்போதுமே பாதுகாப்பானது. ஓடுபவர் ஒருவரே, அவருக்குப் பயிற்சியாளரும் அவரே என்றால் இதை வாங்க வேண்டாம். மணிக்கட்டுக் கடிகாரம் போதும்.

வாங்குகிறவர்கள் பருவத்தின் முதல் பந்தயத்துக்கு முன்பே, ஆகஸ்ட் பயிற்சிகளில் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். எது தொடக்கம், எது இடை நேரம், எது அழிப்பு என்பது கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய பயிற்சியின் நேரங்களைக் குறிப்பேட்டில் ஏற்றிய பிறகே நினைவிடத்தை அழிக்க வேண்டும், அதையும் பந்தயத்துக்கு முந்தின இரவே செய்துவிட வேண்டும். பருவத் தொடக்கத்தில் ஒரு மின்கலம் மாற்றி, இன்னொன்றை முதலுதவிப் பெட்டியில் போட்டு வைத்தால் நவம்பர் வரை அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்காது.